பங்காளிகள் ஒன்று சேரும்போது

முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் புறநானூற்றின் 45ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். உறையூர்க் கோட்டையை வளைத்து வெளியே நிற்கிறான் நலங்கிள்ளி. கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான் நெடுங்கிள்ளி. இரண்டு பேரும் சோழர்கள், இரண்டு பேர் தலையிலும் ஆத்திமாலை. இதில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், பார்த்து மகிழப்போவது வேற்றரசர்கள் என்று இடையில் புகுந்து சொல்கிறார் கோவூர்கிழார். துறை, துணைவஞ்சி. சண்டைக்கு நிற்பவர்களைச் சமாதானம் செய்வதற்கென்றே நம் இலக்கணத்தில் ஒரு துறை இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகச் சொல்லி நிறுத்தினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "மேம், இது எங்க பைபிள்லயும் இருக்கு. ரெண்டு கோலு."

வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கூச்சப்படாமல் சொன்னாள். எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசியிடம் கர்த்தர் இரண்டு கோல்களை எடுக்கச் சொல்கிறார். ஒன்றில் யூதா என்று எழுத வேண்டும், மற்றதில் யோசேப்பு என்று எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கைக்குள் அவை ஒரே கோலாகிவிடும். "இனிமே ரெண்டு ராஜ்ஜியம் கிடையாது மேம். ஒரே ராஜாதான்." சொந்த வீட்டில் நடந்த நல்ல காரியத்தைச் சொல்வதுபோல அவள் முகம் இருந்தது. அவள் அம்மா வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறவர். அக்கா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள்.

படித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். எனக்கு மத நம்பிக்கை இல்லை. ஆனால் மிஷன் பள்ளியில் படித்தவள், வசனப் போட்டியில் பரிசாகக் கிடைத்த சிவப்பு விளிம்பு பைபிள் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அன்றிரவு எசேக்கியேல் 37ஆம் அதிகாரத்தை எடுத்தேன். படித்து முடித்தபோது எனக்கு நலங்கிள்ளி ஞாபகம் வரவில்லை. 2007இல் ஒரு காலை, எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்ததுதான் ஞாபகம் வந்தது.

பங்காளி என்ற சொல்லைப் போல நேர்மையான சொல் தமிழில் குறைவு. பங்கு உடையவன் என்பது அதன் பொருள், அதனாலேயே பகைவன் என்பதும் அதன் பொருள். பங்காளிக் காய்ச்சல் என்று அந்த எரிச்சலுக்கு ஒரு நோயின் பெயரையே வைத்திருக்கிறோம். ஆனால் பங்காளிக்குப் பெண்பால் கிடையாது. என் அத்தைகள் அப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள், சீர் வாங்குகிறவர்கள், பங்காளிகள் அல்ல. பெண்களுக்கு இடையிலான போட்டிக்கு நம்மிடம் இருப்பவை வேறு சொற்கள். சக்களத்தி, ஓரகத்தி, நாத்தனார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறான்.

யூதாவும் எப்பிராயீமும் அசல் பங்காளிகள். யாக்கோபின் மனைவி லேயாள் பெற்ற மகன் யூதா. இன்னொரு மனைவி ராகேலுக்குப் பிறந்த யோசேப்பின் மகன் எப்பிராயீம். இவர்கள் வழி வந்த கோத்திரங்கள் ஒரே அரசின் கீழ் இருந்து, சாலொமோன் இறந்தபின், கி.மு. 930 வாக்கில், தெற்கே யூதா என்றும் வடக்கே இஸ்ரவேல் என்றும் பிரிந்தன. ஏன் பிரிந்தன என்பதை என் மிஷன் பள்ளியில் யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. முதலாம் இராஜாக்கள் புத்தகத்தில் விவரமாக இருக்கிறது. கோயில் கட்ட மரம் கொண்டுவர சாலொமோன் 30,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடிக்கிறான். மாதம் 10,000 பேர் லீபனோனில், இரண்டு மாதம் வீட்டில், மறுபடி லீபனோன். முறைவைத்து வேலை; நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் ஷிஃப்ட். அவன் இறந்ததும் வடக்குக் கோத்திரத்தார் அவன் மகன் ரெகொபெயாமிடம் வந்து, சுமையைக் குறைத்தால் உன்னை ராஜாவாக ஏற்கிறோம் என்கிறார்கள். மூன்று நாள் அவகாசம் கேட்கிறான். பெரியவர்கள் இறங்கிப் போகச் சொல்கிறார்கள். கூட வளர்ந்த இளைஞர்கள் ஏற்றிவிடுகிறார்கள். அப்பா சாட்டையால் அடித்தார், நான் தேளால் அடிப்பேன் என்று பதில் சொல்லி அனுப்புகிறான். பிறகு, யாருக்குத் தோன்றியதோ, கட்டாய வேலையின் மேற்பார்வையாளன் அதோராமையே சமாதானம் பேச அனுப்புகிறான். ஜனங்கள் அவனைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். வடக்கே ராஜாவான யெரொபெயாமும் முன்பு யோசேப்பு வம்சத்தாரின் வேலையைக் கவனித்த மேற்பார்வையாளன்தான்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்ஸில் போகும் யாரிடம் இதைச் சொன்னாலும் உடனே புரியும். வேலைப்பளு பற்றிய பேச்சுவார்த்தை முறிந்து ஒரு ராஜ்ஜியம் இரண்டானது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 722இல், அசீரியா வடக்கை அழித்தது. இன்னும் ஒன்றரை நூற்றாண்டு கழித்து பாபிலோன் தெற்கை அழித்தது. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட எசேக்கியேல் அங்கே இருந்துகொண்டுதான் இரண்டு கோல்களைச் சேர்த்துப் பார்க்கிறார். நாடிழந்தவரின் ஏக்கம் அது. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கோல்கள் எதனால் முறிந்தன என்ற பேச்சே அந்தப் பகுதியில் இல்லை. சுமை பற்றிக் கேட்டவர்களுக்குப் பதிலாக ஒரு ராஜா கிடைக்கிறார்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் தாத்தா தன் சம்பாத்தியத்தில் 3 ஏக்கர் வாங்கியிருந்தார். உயில் எழுதாமல் இறந்தார். கிணற்றுத் தண்ணீர் முறையில் தொடங்கிய சண்டை அப்பாவையும் பெரியப்பாவையும் 11 வருடம் பேசவிடாமல் வைத்தது. கல்யாண வீடுகளில் ஒருவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் மூன்றாம் பந்திக்குக் காத்திருப்பார். கோர்ட்டுக்கும் போனார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து தொழிற்சாலைகள் ஒரகடம் நோக்கி நகர்ந்தன. புரோக்கர்கள் மோட்டார் பைக்கில் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அடுத்த வாரமே பெரியப்பா திண்ணையில் இருந்தார். பாட்டி அழுதுவிட்டார். "எம் புள்ளைங்க ஒண்ணாயிட்டாங்க" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். நானும் அழுதேன். பொய்யான அழுகை அல்ல. 11 வருடத்துக்குப் பிறகு பெரியப்பாவின் குரல் எங்கள் வீட்டுக்குள் கேட்டது.

வக்கீல் சொன்னபிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் தனிச் சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். ஐந்து பங்கில் மூன்று பங்கு பெண்களுடையது. 11 வருடம் இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு சண்டை போட்டது, பெரும்பகுதி தங்களுடையதே அல்லாத ஒரு நிலத்துக்காக. பெண்கள் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். தன் பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் அந்த ஆவணத்துக்குப் பத்திரப்பதிவில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். நான் இட்டுக்கட்டவில்லை, முத்திரைத்தாளில் அப்படித்தான் இருக்கும்.

என் இரண்டு அத்தைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. பாட்டியின் காசுமாலை யாருக்கு என்பதில் வந்த மனத்தாங்கல். பத்திரப்பதிவு அலுவலக பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்காரவைக்கப்பட்டேன். பத்திரத்தை வாசித்துக் காட்டியதும் நான்தான். படித்த பெண் அல்லவா. பாட்டி கைநாட்டு வைத்தார். அத்தைகள் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பட்டுப்புடவையும் 25,000 ரூபாயும். நிலம் விற்ற பணத்தில் பெரியப்பா வீடு கட்டினார், அப்பா தம்பியைப் படிக்கவைத்தார். என் முனைவர் பட்ட ஆய்வும் அதில்தான் முடிந்தது. தலைப்பு, சங்கப் புறப்பாடல்களில் பெண் குரல்.

ஏசாயா 11ஆம் அதிகாரத்தைத் தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லோருக்கும் தெரிந்த அதிகாரம்தான். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாய்த் தங்கும், சிறுத்தை வெள்ளாட்டுக்குட்டியோடு படுக்கும் என்று வாழ்த்து அட்டைகளில் அச்சிடுவார்களே, அது. 13ஆம் வசனத்தில் எப்பிராயீமுக்கு யூதாவின்மேல் இருந்த பொறாமை நீங்குகிறது, யூதாவும் எப்பிராயீமைத் துன்புறுத்துவதில்லை. பங்காளிக் காய்ச்சல் தணிகிறது. பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். 14ஆம் வசனம் அடுத்த வரியிலேயே இருக்கிறது. ஒன்று சேர்ந்த இருவரும் மேற்கே பெலிஸ்தரின் தோள்மேல் பாய்கிறார்கள், கிழக்கே உள்ளவர்களைக் கொள்ளையிடுகிறார்கள், ஏதோமின்மேலும் மோவாபின்மேலும் கைபோடுகிறார்கள். ஓநாய்க்கும் ஆட்டுக்கும் இடையில் வந்த சமாதானம் மோவாபுக்கு எட்டவில்லை.

மோவாப் என்பது வெறும் வரைபடப் பெயர் அல்ல. மாமியார் நகோமியை விட்டுப் போக மறுத்து அவளோடு பெத்லகேமுக்கு வந்த ரூத் மோவாபிய பெண். தாவீதின் கொள்ளுப்பாட்டி. எசேக்கியேலின் இரண்டு கோல்களுக்கும் ஒரே ராஜாவாக வரப்போகிறவர் பெயரும் தாவீதுதான். பாட்டி ஊரின்மேல் கைபோட்டுக்கொண்டு ஒற்றுமை வருகிறது.

பழைய யுத்தகால எழுத்தை இன்றைய அறத்தால் அளக்கக் கூடாது என்று ஒரு நண்பர் சொன்னார். சரிதான். ஆனால் அந்த எழுத்தை இன்றும் ஒற்றுமைக்கு உதாரணமாகத்தானே வாசிக்கிறோம். உதாரணமாக எடுத்தால் 14ஆம் வசனத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

எசேக்கியேலிடம் எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. 37ஆம் அதிகாரத்தில் கோல்களாக வரும் அதே இரண்டு ராஜ்ஜியங்கள் 23ஆம் அதிகாரத்தில் இரண்டு சகோதரிகள். அகோலாள் சமாரியா, அகோலிபாள் எருசலேம். இரண்டு பேரும் வேசிகள் என்று சித்திரிக்கப்பட்டு, அவர்கள் உடல் வெட்டப்படுவதும் நிர்வாணமாக்கப்படுவதும் விலாவாரியாக எழுதப்பட்டிருக்கிறது. நான் வகுப்பில் வாசிக்க மாட்டேன். குற்றம் செய்யும்போது தேசம் பெண்ணாக இருக்கிறது, அதுவும் அக்கா தங்கையாக. மீண்டு ஒன்று சேரும்போது கோலாகிவிடுகிறது. கோல் செங்கோலாகிறது. அடிபட்ட அந்தச் சகோதரிகள் தழுவிக்கொள்ளும் ஒரு காட்சிகூட நாற்பத்தெட்டு அதிகாரங்களில் இல்லை. இதற்கு அடுத்த 24ஆம் அதிகாரத்தில் எசேக்கியேலின் மனைவி இறக்கிறாள். அழக் கூடாது என்று அவருக்குக் கட்டளை. அவளுக்குப் பெயரும் இல்லை, ஒப்பாரியும் இல்லை.

நம் பக்கம் ஒரு பெண்ணாவது நடுவில் போய் நின்றாள் என்று சொல்லிக்கொள்ளலாம். அதியமானின் தூதாக ஔவை வந்தது எங்கள் தொண்டை நாட்டுக்குத்தான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். எல்லாம் நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல ஔவை குத்துகிறார். ஏசாயாவும் மீகாவும் வாளைக் கலப்பைக்கொழுவாக அடிக்கச் சொல்லி அனுப்பியதும் அதே மாதிரி பட்டறைக்குத்தான். எனக்கு ஔவையை மிகவும் பிடிக்கும். ஆனாலும் அவர் ஒரு தரப்பின் தூது, பாடுவது ஓர் அரசனின் வலிமையை. தனக்கென்று கேட்க அந்த இடத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு கோல்கள் ஒன்றாகும் கனவைத் தமிழ்நாட்டில் செய்தே பார்த்திருக்கிறார்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய சபைத் தலைவர்கள், இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எப்போதோ நடந்த சண்டைகளின் பிரிவினையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். கூடியவர்களில் பெரும்பாலோர் இந்தியர். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. 28 வருடம் பேசினார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. எங்கள் செங்கல்பட்டு வட்டாரத்தில் பள்ளிகள் நடத்திய ஸ்காட்லாந்து மிஷனின் வாரிசுகளும் அதில் சேர்ந்தார்கள். லுத்தரன்கள் சேரவில்லை. அசரியா அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்திருந்தார். நாடு இரண்டாக உடைந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், பேராயர்கள் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது பெரிய விஷயம்தான். உலகத்தில் வேறெங்கும் அதற்கு முன் இப்படி நடந்ததில்லை.

அந்த மேசையில் எந்தப் பிரிவினை பேசப்பட்டது, எது பேசப்படவில்லை என்றும் பார்க்க வேண்டும். பேராயர் பட்டம் யார் வழியாக வருகிறது என்பதற்குப் பல வருட விவாதம். அந்தச் சபையில் ஒரு பெண் பேராயராக 66 வருடம் ஆனது. 2013இல் ஆந்திரத்தின் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா. சாதி, எல்லாச் சபைகளுக்குள்ளும் அப்படியே உட்கார்ந்துகொண்டது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துக் கட்டிய சுவர் செத்தவர்களைக்கூட ஒன்றாகப் படுக்கவிடவில்லை. ஸ்காட்லாந்துச் சண்டையை விட்டுவிடுவது எளிது. அது நம் வீட்டுச் சண்டை அல்ல.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவி என் அறைக்கு வந்தாள். என் குறிப்புகளைப் பார்த்து முகம் வாடிவிடுவாளோ என்று எனக்குத் தயக்கம். அவள் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் ஆதியாகமத்தை எடுத்தோம், அகோலாளுக்கும் அகோலிபாளுக்கும் முந்தைய சகோதரிகளிடம் போனோம்.

லேயாளும் ராகேலும் அக்கா தங்கை. இருவரையும் ஒரே ஆணுக்குக் கட்டிவைத்தவர் அப்பா லாபான். முதலிரவில் ஆள்மாற்றிப் படுக்கவைத்தவர். இரண்டு பெண்களுக்கும் சேர்த்து மருமகனிடம் 14 வருட உழைப்பை வாங்கிக்கொண்டவர். அதன்பின் இருவரும் பிள்ளை பெறுவதில் போட்டி போடுகிறார்கள். ஒருத்தி வயலில் கிடைத்த தூதாயீம் பழத்தைக் கொடுத்துக் கணவனோடு ஓர் இரவை வாங்குகிறாள். நம் சீரியல்களுக்கு இரண்டு வருடம் ஓடும் கதை. யூதாவும் எப்பிராயீமும் பின்னால் அடித்துக்கொள்வதன் விதை இந்தப் பந்தலில் விழுந்தது. அதைத் தூவிய கை லாபானுடையது.

31ஆம் அதிகாரத்தில் யாக்கோபு மனைவிகள் இரண்டு பேரையும் வயலுக்குக் கூப்பிட்டு, உங்கள் அப்பாவை விட்டுக் கிளம்பிவிடலாமா என்று கேட்கிறான். ராகேலும் லேயாளும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். அத்தனை வருடத்தில் அவர்கள் ஒரே குரலில் பேசும் ஒரே இடம். அப்பா வீட்டில் எங்களுக்கு இன்னும் பங்கு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவர் எங்களை அந்நியராக நடத்தினார், விற்றார், விற்ற பணத்தையும் தின்றுவிட்டார் என்கிறார்கள். பிறகு ராகேல் அப்பாவின் வீட்டுத் தெய்வச் சிலைகளைத் திருடி ஒட்டகச் சேணத்துக்குள் வைத்து மேலே உட்கார்ந்துகொள்கிறாள். தேடி வந்த லாபானிடம், எழுந்திருக்க முடியாது, மாதவிலக்கு என்கிறாள். தீட்டு என்று நம்மைத் தள்ளிவைக்கிற அதே காரணத்தை அவள் பூட்டாகப் போட்டுக்கொண்டாள்.

மாணவி சிரித்தாள். "இத எங்க பாஸ்டர் சொன்னதே இல்ல மேம்." பிறகு, யோசித்து, "அக்காகிட்ட சொல்லணும்" என்றாள்.

அவள் அக்கா சொல்வதாக அவள் சொன்னவை: ஹாஸ்டலில் இருக்கும் தெற்கத்திப் பெண்களுக்கும் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் ஆகாது. பக்கத்து லைன் 400 அடித்தால் இந்த லைனுக்கும் 400. அந்த லைன் பெண்களைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். நிரந்தரம், ஒப்பந்தம் என்று அடையாள அட்டைக் கயிற்றிலேயே நிறம் வேறு. கயிற்றை யார் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை, சாப்பாட்டு வரிசையில் யார் முந்தினாள் என்பதுதான் சண்டை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் தொழிற்சாலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கினார்கள் என்று எழுதியது. ஃபாக்ஸ்கான் மறுத்தது. ஒன்றிய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் தெருவில் கல்யாணமான பெண்களுக்குக் கோபம் கல்யாணமாகாத பெண்கள் மேல்தான் வந்தது.

ஆனால் 2021 டிசம்பரையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அதே தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டு, 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி. நள்ளிரவில் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்த ராஜா யாருமில்லை, சங்கத் தலைவர்கூட முன்னால் இல்லை. வெவ்வேறு மாவட்டம், வெவ்வேறு சாதி, வெவ்வேறு லைன். எங்கள் கூடப் படுத்தவள் எங்கே என்று கேட்டுக்கொண்டு, ஏறக்குறைய ஒரு பகல் வரை எழவில்லை. தொழிற்சாலை மூடப்பட்டு அடுத்த மாதம்தான் திறந்தது. விடுதிகள் சீர்செய்யப்பட்டன. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் எல்லாம் ஒற்றுமையாகிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட்டார்கள், புது முகங்கள் வந்துவிட்டன. ஆனால் அன்றிரவு லேயாளும் ராகேலும் வயலில் நின்று கேட்ட கேள்வியை அவர்கள் தார்ச்சாலையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

இங்கேயே முடித்தால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அந்த இரண்டு சகோதரிகளின் குரலிலும் ஒரு 14ஆம் வசனம் இருக்கிறது. லேயாளுக்கு சில்பாள், ராகேலுக்கு பில்காள் என்று ஆளுக்கு ஓர் அடிமைப்பெண். போட்டி நடந்த வருடங்களில் அவர்களையும் யாக்கோபிடம் அனுப்பிப் பிள்ளை பெற்றுக்கொண்டார்கள் எஜமானிகள். எங்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்கும்போது அந்த எங்களுக்குள் சில்பாளும் பில்காளும் இல்லை. பெத்லகேம் வாசலில் ரூத்தை வாழ்த்தும் பெரியவர்களும், ராகேலையும் லேயாளையும்போல இவளும் வீட்டைக் கட்டட்டும் என்று இரண்டு பேரைத்தான் சொல்கிறார்கள். கட்டியது நான்கு பேர்.

எங்கள் 3 ஏக்கரில் தாத்தா காலத்திலிருந்து நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவர் காலனியிலிருந்து வந்த ஒரு அம்மா. பெயரைச் சொல்லி நாங்கள் சிறுவர்கள்கூடக் கூப்பிட்டோம், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் இந்த மாவட்டத்துத் தலித் மக்களின் நிலைமையை எழுதியது 1891இல். அதை ஒட்டித்தான் 1892இல் அவர்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலமெல்லாம் யார் யார் கைக்குப் போயிற்று என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத கதை. எங்கள் நிலம் விற்றபோது அவருக்கு ஒரு விடுதலைப் பத்திரம்கூடத் தேவைப்படவில்லை. ஐந்து பங்கில் மூன்று பெண்களுடையது என்று நான் இன்று கணக்குச் சொல்கிறேன். ஆறாவதாக ஒருவரை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. விற்ற பிறகு அவர் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்ததில்லை.

இந்த மாதம் என் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு பத்திர நகல் அனுப்பினான். அப்பா விட்டுப்போன வாலாஜாபாத் வீட்டுக்கு. "சும்மா ஃபார்மாலிட்டிக்கா, ஒரு கையெழுத்து." தம்பி நல்லவன். அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவன் மனைவி. கையெழுத்துப் போடாவிட்டால் அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கிணறு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய அத்தை வீட்டுக்குப் போனேன். சின்ன அத்தையும் அங்கே இருந்தார். பாட்டி சாவுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். காசுமாலை எப்போதோ அடகில் மூழ்கிவிட்டது. அன்றைக்கு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டாங்க, போட்டோம்" என்றார் பெரிய அத்தை. "அண்ணன் தம்பி சேர்ந்துட்டாங்கன்னு ஆத்தா அப்படி அழுவுது. அதுல போயி எங்க பங்கு எங்கன்னா கேக்க முடியும்?"

சின்ன அத்தை கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல் சொன்னார். "நீதான கண்ணு நடுவுல உக்காந்துகினு படிச்சுக் காட்டுன. கணீர்னு படிச்ச. இன்னா எழுதியிருக்குதுன்னுதான் சொல்லல."

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போது வயது 27. மூன்று பங்கு யாருடையது என்று தெரிந்துதான் படித்தேன்.

தம்பி அனுப்பியதை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். எடுத்துத் தரையில் விரித்தேன். பெரிய அத்தை உள்ளே போய்த் தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். சின்ன அத்தை கீரைத் தட்டை ஒதுக்கிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"படி" என்றார். "மெதுவா. வெளங்கலன்னா நிறுத்தச் சொல்றோம்."